ஐஸ் ஆலையின் இரண்டாவது கேள்வி

ஐஸ் ஆலை முற்றத்தில், வேப்பமரத்தின் கீழே, நீளமான பனங்குற்றி ஒன்று கிடந்தது. கடலுக்குப் போகிறவர்கள் ஐஸ் கட்டி வாங்க வந்தால் அதில்தான் குந்தியிருப்பார்கள். இடம் போதாமல் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது எங்கள் மனேஜர் அந்தக் குற்றியில் தனியாக இருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. முற்றத்தில் வேறு ஒரு சீவனும் இல்லை. "மிஸ், இதில இருந்து பாருங்கோ. இங்கயிருந்து பாத்தா எங்கட கந்தோர் எப்பிடித் தெரியுதெண்டு," என்றார். நானும் இருந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் மூடிய யன்னல் ஒன்று தெரிந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆலையில் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். மனேஜர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரக் குடும்பம். கடலில் கால் நனைத்ததற்கு மேல் அவருக்குப் பழக்கம் கிடையாது. ஆனால் எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று துருவாமல் விடமாட்டார். ஐஸ் கட்டியின் நடுவில் மட்டும் ஏன் வெள்ளை படிகிறது என்று கேட்டுக் கேட்டு, தண்ணீரை ஐஸாக உறையவைக்கும் தாங்கியடியில் வேலை செய்கிறவர்களின் உயிரை வாங்குவார். "இந்த மனிசன் பள்ளிக்கூடத்தில எப்பிடி இருந்திருக்கும்?" என்று அவர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள்.

குற்றி வெறுமையானதற்குக் காரணம் எங்களுடைய சீர்திருத்தம். ஐஸ் வாங்கவே அரை நாள் போகிறது என்று படகுக்காரர்கள் ஆண்டாண்டாக முணுமுணுத்தார்கள். சரி, முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைக்கட்டும், குறித்த நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று மனேஜர் முடிவெடுத்தார். அழைப்பை எடுப்பதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். மூன்று கேள்விகள்: படகின் பெயர் என்ன? எங்கே போகிறீர்கள், எத்தனை நாள்? எத்தனை கட்டி வேண்டும்? இதில் இரண்டாவது கேள்வி முழுக்க என் சொந்த மூளை. போகிற இடமும் நாளும் தெரிந்தால், திரும்பி வந்து அடுத்த ஐஸ் எப்போது கேட்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம் அல்லவா? தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வார அறிக்கையில் "முறைப்பாடு எதுவுமில்லை" என்று பெருமையோடு எழுதினேன். ஆட்கள் வராவிட்டாலும் முறைப்பாடு இருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரத்தில் பாதிப் படகுகளைக் காணவில்லை. விசாரித்தால், நிலாவெளிப் பக்கம் இருந்த இன்னோர் ஆலைக்குப் போகிறார்களாம். அங்கே தொலைபேசியும் இல்லை, வேப்பமரமும் இல்லை. கொதிக்கும் வெயிலில் இரண்டு மணிநேரம் வரிசை. எங்களிடம் காத்திருக்க ஏலாது என்று சண்டை பிடித்தவர்கள், அவ்வளவு தூரம் லொறி பிடித்துப்போய் அங்கே காத்திருந்தார்கள். தலைமையகத்தின் அடுத்த கடிதத்தில் பாராட்டு இருக்கவில்லை. மாத முடிவுக்குள் விற்பனை பழைய நிலைக்கு வராவிட்டால் இரண்டாவது தாங்கி நிறுத்தப்படும், அதில் வேலை செய்யும் ஆறு பேரும் வீட்டுக்குப் போகவேண்டும், இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பானவரின் பெயரை எழுத்தில் அறிவிக்கவேண்டும். அன்று முழுக்க அந்த ஆறு பேரின் முகத்தையும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மனேஜர் படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமாரை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். எல்லோரிடமும் ஒரே பதில்: "ஒண்டுமில்லை சேர், சும்மாதான்." எனக்குக் கோபம் வந்தது.

"புது முறை பழகேல்லை சேர். பிடிவாதம் பிடிச்ச சனம்," என்றேன்.

"அப்ப வெயிலில நிக்கிறது மட்டும் பழக்கமோ மிஸ்?" என்றார். கேலியாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

கடைசியில் நிலாவெளிக்கே போய் அந்த வரிசையில் நின்று பார்ப்பதென்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். இரண்டாவது தாங்கியில் வேலை செய்த அண்ணர் ஒருவர்தான் வெளிவாசல் படலையைத் திறந்துவிட்டார். திறந்துகொண்டே, "தூரமோ சேர்?" என்று கேட்டார்.

"ஓம், கொஞ்சம் தூரந்தான்," என்ற மனேஜர் வெளியே போகாமல் அப்படியே நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கந்தோருக்குள் வந்து படிவத்தைக் கேட்டார்.

"மிஸ், உங்கட அப்பா வெளிக்கிடேக்க அம்மா என்னெண்டு கேப்பா?"

"தூரமோ எண்டு கேப்பா சேர்."

"எங்க போறியள் எண்டு கேக்கமாட்டாவோ?"

"ஐயோ, அப்பிடிக் கேட்டா அப்பா திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவார்," என்று சொல்லும்போதே என் கண் அவர் கையிலிருந்த படிவத்துக்குப் போனது. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று மறித்துக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் ஒருநாளும் கேட்காத கேள்வியை, கந்தோரில் பேனாவைப் பிடித்ததும், கடலுக்குப் போகிற மனிதர்களிடம் நாள்தோறும் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கேள்வியைப் போட்டது ஆர் என்றார். நான்தான் என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "இது எங்கட ஊகம் மட்டுந்தான் மிஸ். கேட்டுப் பாத்திட்டு வாறன்," என்று மறுபடி புறப்பட்டுப் போனார்.

நிலாவெளி வரிசையில் நின்ற வயதான சம்மாட்டி ஒருவர் கடைசியில் வாய் திறந்தாராம். "அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை சேர், மரியாதையாத்தான் கதைக்குது. ஆனா எங்க போறியள் எண்டு கேட்டுப்போட்டு ஐஸ் தந்தா, அந்தப் பயணம் விளங்குமோ?"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். நானும் ஒரு காலம் தள்ளினேன். ஆனால் மீன் படுகிற இடத்தை எந்தப் படகுக்காரர்தான் தொலைபேசியில் அந்நியரிடம் சொல்வார்? எந்தக் கம்பனி தன் திட்டத்தைச் சாமான் கொடுக்கிறவரிடம் ஒப்புவிக்கும்? அவர்கள் அதைத் தொழில் இரகசியம் என்று சொல்லியிருந்தால் தலைமையகம் உடனே தலையாட்டியிருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது எத்தனை கட்டி என்பது மட்டும். மற்றதை அறிந்தால் நல்லதுதானே என்ற ஆசையில் கேட்டோம். இன்றைக்கும் கம்பனிகள் நீட்டும் படிவங்களைப் பார்க்கும்போது, இதில் எத்தனை கேள்வி இப்படி ஆசையில் சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பேன்.

அடுத்த நாளே அந்தக் கேள்வியை எடுத்தோம். தொலைபேசி முறை அப்படியே இருந்தது. மனேஜர் துறையடிக்குப் போய் ஒவ்வொரு படகுக்காரரிடமும், பிழை எங்களில்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். படகுகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. மாத முடிவில் இரண்டாவது தாங்கி தப்பியது. ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள். எனக்கும் நிரந்தர நியமனம் வந்தது. பொறுப்பானவரின் பெயரைக் கேட்ட கடிதத்துக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். சில மாதங்களில் மனேஜருக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றம் வந்தது.

இப்போது அவருடைய கதிரையில் நான் இருக்கிறேன். போன மாதம் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுவதற்காகப் பிரித்தபோது, தலைமையகத்துக்கு அவர் எழுதிய பதிலின் பிரதி கிடைத்தது. நான்கே வரிகள். "இரண்டாவது கேள்வியைச் சேர்க்கும்படி பணித்தது நான். எழுதுவினைஞர் என் பணிப்பின்படியே செய்தார்." அதன் பின்னால், அவரைப் பதவியிறக்கி, மூன்று பேர் வேலை செய்யும் கிளை ஒன்றுக்கு அனுப்புவதாகச் சொல்லும் உத்தரவு குத்தியிருந்தது.

பிரியாவிடை அன்று எல்லோர் சார்பிலும் பேசியது நான்தான். எங்கள் மனேஜர் பதவி உயர்வு பெற்றுப் போகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, மனதார வாழ்த்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் எழுந்து நின்று தட்டினார்.