ஆறாம் நம்பர் பிட்டு

எங்கள் குப்பத்தில் எந்தச் சாமானை வாங்கினாலும், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே உப்புக்காற்று அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கதவுத் தாழ்ப்பாள், எதையும் விடாது. வாரண்டி அட்டையில் தண்ணீர், தீ, எலி என்று என்னென்னவோ எழுதியிருப்பார்கள். கடல் என்று எழுதினவனை நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்க நான் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வேன். தனியாக இருக்கிறவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்!

லைட்ஹவுஸ் குப்பத்தில் நைனா கட்டிய வீட்டின் ஒரு பாதி என்னுடையது. மறு பாதியில் அண்ணனும் அண்ணியும். நைனா போன பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஆளுக்கொரு வாசல் வைத்துக்கொண்டோம். அப்போது சண்டை ஒன்றும் கிடையாது. இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் குழம்புக் கிண்ணம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. அந்தத் துறைமுகம் வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்தவர்களில் அண்ணனும் ஒருவன்.

"நாங்க வெயில்ல ரோட்ல குந்திகினு கீறோம். நீ அவங்க பஸ்ல ஏறி சன்னலாண்ட ஒக்காந்து போறியா? இனிமே என் வாசல்ல கால வெக்காத" என்றான்.

"வெக்கல, போ" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன. குழாயடியில் அண்ணி என்னைப் பார்த்தால் குடத்தைப் பார்ப்பாள். நானும் என் குடத்தைப் பார்ப்பேன்.

அந்த வருஷங்களில்தான் இ-ரீடர் வாங்கினேன். மழைக்காலத்தில் இங்கே புத்தகம் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். ஆனால் இ-ரீடரில் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக ஓடுமா என்று எத்தனை சந்தேகம்! விற்கிற இணையதளத்தில் ஒரு கேள்வியும் போட்டேன்: வீடு கடலோரத்தில் இருக்கிறது, உப்புக்காற்று தாங்குமா? வாங்கியவர்கள் வரிசையாகப் பதில் எழுதினார்கள். ஒருவர், "எனக்குத் தெரியாது." இன்னொருவர், "மாமனாருக்குப் பரிசாகக் கொடுத்தேன், அவரைத்தான் கேட்க வேண்டும்." மூன்றாமவர், "நல்ல நிறம்." தெரியாதவர்கள் சும்மா இருக்கக்கூடாதா? படித்துவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். பிறகு மறுபடியும் எடுத்துப் படித்தேன். வீட்டில் நான் எதையாவது கேட்டால் தெரியாது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

விளக்கு வைத்த இ-ரீடர் கண்ணைக் கெடுக்கும் என்று யாரோ ஒரு மகராசி விமர்சனம் எழுதியிருந்தாள். அதை நம்பி விளக்கு இல்லாததை வாங்கித் தொலைத்தேன். பகலில் அருமை. பொழுது சாய்ந்தால் சிலேட்டுப் பலகை. ஈரம் ஏறாமலிருக்க அதைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். படிக்க எடுக்கும்போதெல்லாம் இரண்டு அரிசி கூடவே வரும். படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு விளக்கு மாட்டினால் ராத்திரியிலும் படிக்கலாம். விளக்கு வாங்கிவிட்டேன். சுவரில் ஓட்டை யார் போடுவது?

பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரிக்குப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் டிரில் மிஷின் கேட்டேன்.

"வூட்ல ஜென்ட்ஸ் யாரையாச்சும் இட்டுகினு வாம்மா" என்றார் கடைக்காரர்.

"ஏன், ஜென்ட்ஸுக்கு இன்னா, கையில வெரலு ஜாஸ்தியா கீதா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். "அதுக்கில்லம்மா. ஒரு வெளக்கு மாட்ட மிஷின் எதுக்கு? பக்கத்து வூட்ல இருக்கும், கேட்டு வாங்கிக்க."

பக்கத்து வீட்டில் இருக்கத்தான் இருக்கிறது. அண்ணன் பைபர் படகுக்கு ரிப்பேர் வேலை பார்க்கும்போது அந்த மிஷின் சத்தம் சுவர் வழியாக என் கட்டில் வரைக்கும் வரும். நான் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் என்னோடு பேசுவதாக மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். பைத்தியக்காரத்தனம்தான். கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

அப்புறம் மறுபடியும் போனில் தேடல். பாட்டரியில் ஓடுவதா, வயர் வைத்ததா என்று விமர்சனம் எழுதுகிறவர்களுக்குள் வெட்டுக்குத்து. பாட்டரிக்கு உப்பு ஆகாது என்று நானே முடிவு செய்து வயர் வைத்ததை எடுத்தேன். பணம் கட்டுவதில் ஏதோ சிக்கல் வந்து சாட்டில் கேட்டபோது, அந்தப் பக்கம் இருந்தவர் சரிசெய்துவிட்டு, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார். என்னை அப்படி யாராவது கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! இல்லை என்று அடிக்கவே மனசு வரவில்லை. கொரியர் பையன் பழவேற்காடு பஜாரிலிருந்து போன் செய்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்றான். லைட்ஹவுஸ் இருக்கிறது என்றேன். அதற்கும் பக்கத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டானே பார்க்கலாம்!

கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். படகுகள் எதுவும் போகவில்லை. வெளிச்சுவர்கள் மூன்றும் ஈரம் குடித்து, தொட்டாலே பூச்சு உதிரும். காய்ந்த சுவர் ஒன்றுதான், நடுச்சுவர். மிஷினோடு வந்த, ஓட்டை போடுகிற பிட்டுகளில் எது என்று யோசித்து, இருப்பதிலேயே பெரியதாக, ஒரு சாண் நீளமிருந்ததை எடுத்து மாட்டினேன். பெரிசாக இருந்தால் உறுதியாக இருக்குமென்று நினைப்பு. மிஷின் உறுமியதும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். செங்கல் தூள் கொட்டியது. திடீரென்று எதிரே சுவரே இல்லாத மாதிரி மிஷின் முன்னால் பாய்ந்தது.

பிட்டை வெளியே உருவினேன். ஓட்டை வழியாக அண்ணன் வீட்டு டிவி சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்த நொடி டிவி நின்றது.

"யார்ரா அது செவுத்த பேக்கறது?"

யாரென்று அவனுக்குத் தெரியாதா என்ன? "நான்தாண்ணா" என்றேன்.

மிஷினைக் கீழே வைத்தேன். போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது என்று நினைத்தேன்.

"இன்னா பிட்டு?" என்று குரல் வந்தது.

"பத்து."

"இன்னாத்துக்கு?"

"வெளக்கு மாட்ட."

"வெளக்கு மாட்ட பத்தாம் நம்பரா? இன்னா, கப்பலா கட்டற?"

சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்தது. அந்தப் பக்கம் டப்பாவைக் குடைகிற சத்தம். பிறகு ஓட்டையிலிருந்து ஒரு இரும்பு முனை எட்டிப் பார்த்தது. நீளமான மெல்லிய பிட்டு, படகு எஞ்சின் ஆயில் வாசனை.

"ஆறாம் நம்பரு. இது போதும். மிஷின ஹேமர் மோடுல வெக்காத, இடிச்சி கல்லு பேந்துக்கும். இந்த ஓட்டைக்குத் தள்ளிப் போடு."

முனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். நானும் விடவில்லை. பிறகு அவன் விட்டான்.

விளக்கு மாட்டிக்கொண்டேன். வாசலைப் பெருக்கி, இரண்டு பேருக்கு டீ போட்டேன். சுவர் என்ன ஆயிற்று என்று பார்க்கவாவது வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. ஆறிய டீயை இரண்டு டம்ளரும் நானே குடித்தேன். சாயங்காலம் அந்தப் பக்கம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. படகு வெடிப்பை அடைக்கிற பசையால் ஓட்டையை மூடிவிட்டான். டிவி பழையபடி முணுமுணுப்பாகிவிட்டது. அன்றைக்கு விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஒரு வரி படிக்கவில்லை. அழுதேன்.

பிட்டு என்னிடமே தங்கிவிட்டது. துருப்பிடிக்கக் கூடாதென்று அதையும் அரிசி டப்பாவில் போட்டேன். ஓட்டை வழியாகக் கொடுத்திருக்கலாம், ஓட்டைதான் இல்லையே. வாசல் வழியாகப் போகலாம், காலை வைக்காதே என்று சொன்னவன் அவன். தினமும் வேலைக்குப் போகும்போது அந்த வாசலைத் தாண்டுவேன். கை சும்மா இருக்கும்.

போன வாரம் அண்ணன் மறுபடியும் படகு வேலையை எடுத்தான். வீட்டுக்குள் சாமானை உருட்டுகிற சத்தம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டியில ஆறாம் நம்பரக் காணமே" என்றாள் அண்ணி, சத்தமாக. "வேற ஒண்ணு வாங்கினு வரச் சொல்லட்டா?"

"வாணாம்" என்றான் அண்ணன், அவனும் சத்தமாகவே. "பக்கத்தூட்ல கீது. வரும்."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் உருட்டல் நின்றுவிட்டது. அவன் வேலையைத் தொடங்கவில்லை.

அடுப்பை அணைத்தேன். அரிசிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். முதலில் தட்டுப்பட்டது இ-ரீடர், அதைத் தள்ளினேன். பிட்டு அடியில் கிடந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வாசலில் இறங்கினேன்.