மெல்பர்ன் போகவிருந்த எலுமிச்சம்பழங்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஞாயிறுதோறும் பத்திரிகையின் இந்த மூலையில் என்னைச் சந்திப்பவர்கள் நீங்கள். பெட்ரோல் நிலையத்தில் யாரோ ஒருவருடைய காரில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, சாவியைத் தேடிய கதையை உங்களிடம்தானே சொன்னேன்... ஆனால் இதுவரை என் முட்டாள்தனம் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே இருந்தது. இந்த முறை அது ஏற்றுமதித் தரத்துக்கு உயர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் மகள் வித்யாவுக்கும் மருமகனுக்கும் மெல்பர்னில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் இங்கே எங்கள் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்தவர்கள். அவசரமாக வரச் சொன்னதால், பேரன் கவினைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பிவைக்கும் பொறுப்பு என் தலையில்.

"அப்பா, எல்லாத்தையும் கம்பெனி ஆளுங்களே கட்டிருவாங்க. நீங்க சும்மா நின்னு பாத்தா போதும்" என்றாள் வித்யா.

சும்மா நிற்பது. உலகத்தில் எனக்கு வராத ஒரே வேலை.

சாமான் என்றால் கட்டில், சோபா, குக்கர் மட்டும் இல்லை. அவற்றோடு ஒரு நாற்காலி. கவினுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே தசைகளில் பிரச்சினை. முதுகு தானாக நிமிர்ந்து நிற்காது. பேச்சும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். அவன் உடம்பை அளந்து, தலைக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று தனித்தனியாகத் தாங்கு வைத்துச் செய்த நாற்காலி அது. அதில் உட்கார்ந்தால் அவன் ராஜா. விமானத்தில் கொண்டுபோக முடியாத அளவுக்குப் பெரியது என்பதால் கப்பலுக்கு விட்டார்கள். அதுவரைக்கும் அங்கே ஒரு வாடகை நாற்காலி.

வித்யா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வாடகை நாற்காலியில் கவின். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் பையன் ஒரு பக்கமாகச் சரிகிறான். நிமிர்த்தினால் மறுபடியும் சரிகிறான். சோறு ஊட்ட ஒருவர், பிடித்துக்கொள்ள ஒருவர்.

என் மனைவி சரசு அந்த வீடியோவை ஒரு முறைதான் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். நாம் ஒரு தடவை விலை விசாரித்தால் போதும், வாரா வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள். 'செய்திகளும் தகவல்களும்' என்று தலைப்பு. கிடங்குக்குப் புது ஃபோர்க்லிஃப்ட் வந்திருக்கிறதாம், படத்தோடு. ஊழியர்கள் பூப்பந்து விளையாடினார்களாம். இன்ன துறைமுகத்தில் நெரிசலாம். நான் இதையெல்லாம் மதித்துப் படிப்பேனா? ஃபோர்க்லிஃப்ட் படத்தை மட்டும் மருமகனுக்கு அனுப்பி, 'பெயர் சூட்டு விழாவுக்கு நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது' என்று கிண்டல் செய்தேன். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் திறக்காமலே குப்பைக்குப் போயின.

சாமான் கட்டும் நாள் வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் முத்து என்பவர். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல சிரிப்பு. வேலை தொடங்கும் முன் கேட்டார்.

"அண்ணே, சாப்பாட்டுச் சாமான், செடி, விதை, பழம்... ஏதாச்சும் உள்ள இருக்கா? ஆஸ்திரேலியாவுல ரொம்ப கண்டிப்பு லா."

"ஒண்ணும் இல்லை" என்றேன். அப்படிச் சொன்னபோது என் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் எலுமிச்சம்பழங்கள்.

நான் பொய் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பழமே இல்லை, திருஷ்டி. நீங்களே சொல்லுங்கள், புதுக் கார் வாங்கினால் என்ன செய்கிறோம்? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோம். பேரனுடைய நாற்காலி கடல் தாண்டிப் போகிறது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் ஜன்னல் திரை விலகியிருக்கிறது. கண் பட்டுவிடாதா? ஆனால் கப்பலுக்கு ஏது சக்கரம்?

அதனால் உள்ளேயே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த யோசனை உதித்தபோது என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பும்போது இந்தப் பக்கம் ஒரு பெட்டியில் ஒன்று. குங்குமம் தடவியது. பானைக்குள், காலணிக்குள், தலையணைக்கு நடுவில். நாற்காலிக்கு மட்டும், இருப்பதிலேயே பெரிய பழமாகப் பார்த்து, தலைத்தாங்கில் இருந்த தலையணையின் உறைக்குள் செருகினேன். முத்து அண்ணே அதன்மேல் மெத்தைபோல் பஞ்சைச் சுற்றி, அட்டை போட்டு, மரச்சட்டம் அடித்து, "குழந்தை மாதிரி பாத்துக்கிறோம்ணே" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். 

எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

சில நாள் கழித்து ஆயர் ஈத்தாம் பசார் பக்கம், ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடையில் கூட்டம். ரொட்டி வரவில்லை. போனை நோண்டினேன். அந்த வார 'செய்திகளும் தகவல்களும்' வந்திருந்தது. பசி வேளையில் மனிதன் எதையும் படிப்பான். திறந்தேன்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு என்று ஒரு பத்தி. பழமோ விதையோ ஒன்றே ஒன்று அகப்பட்டாலும், அந்த வீட்டுச் சாமான் முழுவதையும் நிறுத்திவைப்பார்கள், பூச்சிமருந்துப் புகை போடுவார்கள், சிலதை அழித்தும்விடுவார்கள், எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது, ஒரே கன்டெய்னரில் பல குடும்பங்களின் சாமான் போனால் மற்றவர்களுக்கும் தாமதம். கீழே ஒரு படம். காய்ந்து சுருங்கிய ஏதோ ஒரு பழம்.

ரொட்டி வந்தது. நான் அங்கே இல்லை.

கம்பெனியில் எங்கள் வேலையைக் கவனிப்பவர் புவனா. வயது முப்பது இருக்கும். போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அங்கிள், எத்தனை பெட்டியில வெச்சீங்க?"

"தெரியலைம்மா. கை போன இடத்துல எல்லாம் வெச்சேன்."

"எத்தனை பழம்?"

"பத்து வாங்கினேன். அதுல சரசு எத்தனை எடுத்தாள்னு..."

"அலாமாக்" என்றார் புவனா, ஐயோ என்பதுபோல், மெதுவாக. பிறகு, "சாமான் இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊர்க் கிடங்குலதான் இருக்கு. நாளைக்குக் காலையில கன்டெய்னர்ல ஏத்துறாங்க. நீங்க இப்பவே வாங்க. ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்காவது கணக்குத் தெரியும்."

பாலத்தைக் கடக்கும்போது சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். காரை ஓட்டிக்கொண்டே சொன்னால் திட்டு குறைவாக விழும் என்பது அனுபவம்.

"ரசத்துக்கு ரெண்டு எடுத்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் கடலைப் பார்த்தாள். "மூணா இருக்கலாம். ஜூஸ் ஒரு நாள் போட்டேன்ல?" இன்னும் கொஞ்ச தூரம். "நாற்காலியிலயுமா வெச்சீங்க?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"உங்களைத்தான் பெட்டியில போட்டு அனுப்பியிருக்கணும்" என்றாள்.

கிடங்கில் முத்து அண்ணே காத்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"என்னாண்ணே, நம்ம கம்பெனி மேல நம்பிக்கை இல்லையா? லாரி சக்கரத்துல வெச்சிருந்தா நானே ஏத்தி நசுக்கியிருப்பேனே."

"தோணலைண்ணே."

"சரி விடுங்க. போன வருசம் ஒருத்தர் பெட்டி மூலையில மாவிலையக் கட்டி வெச்சிருந்தாரு. நீங்க ஒண்ணும் முதல் ஆள் இல்ல." 

என் வாழ்க்கையில் இதைவிட ஆறுதலான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

கணக்கு தெரியாததால் வேறு வழி இல்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்தார்கள். அவர்களே அழகாகக் கட்டிய கட்டு, அவர்கள் கையாலேயே கிழிந்தது. கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடும் பூவாளிக்குள் ஒன்று. மருமகனின் பூட்ஸுக்குள் ஒன்று. குக்கரைத் திறந்தால், உள்ளே ஒரு பழம் குங்குமத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கே என்னைப் பற்றிப் பயமாக இருந்தது.

கடைசியில் நாற்காலி. மரச்சட்டத்தைக் கழற்றி, அட்டையை எடுத்து, முத்து அண்ணே தலையணை உறைக்குள் மெதுவாகக் கை விட்டார். எடுத்த பழம் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் பச்சையாகப் பூஞ்சை. உறையில் ஈரமாக ஒரு வட்டம், நடுவில் குங்குமச் சிவப்பு.

அங்கேதான் கவினுடைய கன்னம் படும்.

ஒரு பழம் மட்டும்தானே என்று அதுவரை மனத்தின் ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் போய்ச் சேர எத்தனை வாரம்... அந்தச் சூட்டில், இருட்டில், அந்தப் பூஞ்சை எவ்வளவு தூரம் பரவியிருக்கும்? கண் படக்கூடாது என்று நான் வைத்த காவல்காரனே வீட்டைத் தின்ன ஆரம்பித்திருந்தான்.

சரசு உறையைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"உள்ள இறங்கல" என்றாள். "உறையோட போச்சு."

புவனா ஏற்கெனவே பேன்ட்ரியிலிருந்து சோப்பு எடுத்து வந்திருந்தார். இரண்டு பெண்களும் கிடங்கின் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அந்த உறையைத் துவைத்தார்கள். நான் உதவிக்குப் போனேன். "நீங்க எதையும் தொடாதீங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

காயப்போட இடம்? முத்து அண்ணே ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆமாம், நான் கிண்டல் செய்த அதே புது ஃபோர்க்லிஃப்ட். அதன் இரும்புக் கரத்தை ஆள் உயரத்துக்கு ஏற்றி, அதில் உறையைத் தொங்கவிட்டு, எதிரே பெரிய மின்விசிறியைத் திருப்பிவைத்தார். பல டன் தூக்கும் இயந்திரம், ஒரு சின்னத் தலையணை உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. மனத்துக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உறை காயும்வரை ஆட்கள் மற்றப் பெட்டிகளை முதலிலிருந்து கட்டினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் வெளியே ஓடிப்போய்க் கரிபாப்பும் தேநீரும் வாங்கி வந்தேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

"உன்கிட்ட சொல்லவே வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன் புவனாவிடம்.

"சொன்னீங்களே அங்கிள், அதுவே பெருசு. பாதிப் பேரு சொல்ல மாட்டாங்க. அங்க போயி மாட்டினப்புறம் எங்களைத்தான் ஏசுவாங்க." கரிபாப்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "எங்க மெயில் எல்லாம் படிக்கிறீங்களா?"

"வாரா வாரம்" என்றேன்.

சரசு இருமினாள்.

எல்லாம் முடிந்து, நாற்காலியை மறுபடி மூடும் முன் முத்து அண்ணே அதே கேள்வியைக் கேட்டார். "பழம், விதை, செடி ஏதாச்சும் இருக்கா?" நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சரசுவைப் பார்த்தார். "இல்லைங்க" என்றாள் அவள். அப்புறம்தான் ஆணி அடித்தார். என் சொல்லுக்கு இந்தத் தீவிலும் மதிப்பில்லை, பெருநிலத்திலும் மதிப்பில்லை என்று உறுதியானது.

வீடு திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத கெடுதலுக்கு எல்லாம் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கண்ணுக்கு முன்னால் வந்து, இதைச் செய்யாதே ஐயா என்று வாரா வாரம் சொல்கிறவர்களைக் குப்பையில் போடுகிறோம். நமக்காகக் கவலைப்படுகிறவர்கள் நமக்கு அறிமுகமானவர்களாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? பிறையில் ஒரு கிடங்கில், என் பேரனை ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண் அவன் தலையணை உறையைத் துவைத்தாள். அதற்கு எந்தக் கோயிலில் போய் நன்றி சொல்வது? இந்தப் பத்தியில்தான் சொல்ல முடிகிறது. புவனா, முத்து அண்ணே... நன்றி.

கப்பல் போனது. புவனாவிடமிருந்து தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. புறப்பட்டது. சிங்கப்பூர் தாண்டியது. துறைமுகம் சேர்ந்தது. சோதனை. 'சோதனை' என்ற வார்த்தையைப் பார்த்த அன்று சரசு சமைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் ஒரே வரி வந்தது: எதுவும் அகப்படவில்லை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சரசு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

போன வாரம் வித்யா வீடியோவில் அழைத்தாள். "அப்பா, பாருங்க" என்று போனை அவனுக்கு நேர் எதிரே எதிலோ சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தாள். போனுக்குப் பின்னால் எங்கோ கார்ட்டூன் சத்தம். திரை முழுக்கக் கவின். அவனுடைய நாற்காலியில். முதுகு நேராக, தலை நேராக. துண்டு இல்லை, முட்டு இல்லை, பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. வித்யா ஒரே ஆளாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் பல வாரங்களுக்குப் பிறகு அவசரம் இல்லை.

எனக்கு மனம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்தால் பேச்சு நிற்க வேண்டும் அல்லவா? எனக்குப் பெருகும். "கவின், தாத்தா உன் நாற்காலியை எப்படிக் காப்பாத்தினேன் தெரியுமாய்யா..." என்று ஆரம்பித்து, எலுமிச்சம்பழத்தை மட்டும் நைசாக விட்டுவிட்டு, பாலம், கிடங்கு, ஃபோர்க்லிஃப்ட், கப்பல் என்று வீர வரலாற்றை அவிழ்த்துவிட்டேன். 

பையன் மெல்வதை நிறுத்தினான். முகம் லேசாகச் சுருங்கியது. உணர்ச்சிவசப்படுகிறான், பாவம், குழந்தை என்று எனக்கு இன்னும் நெகிழ்ந்தது. அவன் வாயைக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, நிதானமாகச் சொன்னான்:

"தாத்தா, டிவி தெரியல."