வராத கம்பனிக்கு வந்த வழக்கறிஞர்

சிட்னி பெடரல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து முதலில் சொன்னது, தன் கட்சிக்காரரான கம்பனி ஆஸ்திரேலியாவிலேயே இல்லை என்பதுதான். நல்ல சூட், பின்னால் உதவியாளர்கள், தள்ளுவண்டி நிறையக் கோப்புகள். இல்லாத ஒருவருக்கு இத்தனை ஆரவாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வழக்கறிஞர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. முன்னமே விளக்கியிருந்தாள். வெளிநாட்டுக் கம்பனி வழக்கில் இறங்கி வாதாடினால், இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் "எங்களை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை" என்று சொல்வதற்கு மட்டும் ஆள் அனுப்புவார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

"வாசல்லை வந்து நிண்டுகொண்டு, நான் வீட்டிலை இல்லை எண்டு சொல்லுறமாதிரியெல்லோ இருக்கு?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றாள்.

சண்டை ஒரு பிரஷர் குக்கரைப் பற்றியது. குக்கர் இங்கே சிட்னியில் பென்டில் ஹில் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் எங்கள் சனத்துக்கு இந்தியாவிலிருந்து ஒருவர் கையில் கொண்டுவந்தால்தான் அது அசல் சாமான். என் மனைவியும் சென்னையில் இருக்கும் தன் அக்காவைக் கொண்டு ஒன்றை வாங்குவித்தாள். கோயில் பயணம் போய்த் திரும்பிய தெரிந்த குடும்பம் ஒன்று அதைக் கொண்டுவந்து தந்தது. பாரம் கூடாமல் இருக்கப் பெட்டி, பில் எல்லாவற்றையும் அங்கேயே எறிந்துவிட்டு, குக்கருக்குள் சேலைகளைத் திணித்துக் கொண்டுவந்தார்கள். நாங்களும் மற்றவர்களுக்கு அப்படித்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம்.

ஒரு காலை, சிட்னி கிரவீனில் எங்கள் வீட்டுக் குசினியில், பருப்பு வெந்துகொண்டிருந்தபோது மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. மனைவியின் இடது கண்ணில் பார்வை போய்விட்டது. அதே கம்பனியின் குக்கரால் மெல்பேர்னிலும் சிலர் காயப்பட்டது பிறகு தெரியவந்தது. எல்லோருமாகச் சேர்ந்து வழக்குப் போட்டோம்.

நான் வழக்குக்குப் போன காரணம் வேறு. ஆஸ்பத்திரியிலேயே அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள்: "நான்தானே கேட்டு எடுப்பிச்சனான். இஞ்ச வாங்கியிருக்கலாம்." அக்கா தொலைபேசியில் அழுதபோதும் அதையேதான் சொன்னாள். சாப்பிடும்போது, கோயிலுக்குப் போகும்போது, சும்மா இருக்கும்போது, எப்போதும் அதே பேச்சு. அவள்மேல் பிழையில்லை என்று நான் சொல்லி அவள் கேட்கவில்லை; புருஷன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று தள்ளிவிட்டாள். சொந்தக்காரர் அல்லாத, எங்கள்மேல் இரக்கப்படத் தேவையில்லாத ஒருவர் அதைச் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன்.

அன்று நடந்தது நேர்மாறு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிக மரியாதையாகப் பேசினார். கம்பனிக்கு இங்கே அலுவலகம் இல்லை, ஊழியர் இல்லை, முகவரும் இல்லை. இந்தக் குக்கரை அது ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பவுமில்லை. வேறொரு நாட்டில் விற்ற பொருளை, வாதியே தன் விருப்பப்படி இங்கே வருவித்தார். அதற்குக் கம்பனி எப்படிப் பொறுப்பாகும்?

மனைவி என் பக்கம் குனிந்தாள். "பாத்தீங்களோ, அவையும் அதைத்தான் சொல்லினம்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது என்ற அமைதிதான் இருந்தது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது என்று ரயிலில் வரும்போது நினைத்தேன்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. எங்கள் வழக்கறிஞர் வீட்டுக்கே வந்து, மேசையில் கணினியை வைத்து ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொன்னாள். காயம் நடந்தது இந்த நாட்டில். ஆகவே கம்பனி இந்த நாட்டு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

"பொறுங்கோ அங்கிள்" என்றாள். "இனி அவை கேஸுக்கு வராமலே விடலாம். இஞ்ச தாற தீர்ப்பை அங்க கொண்டுபோய் அமுல்படுத்துறதும் லேசில்லை."

நான் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தேன். என் மனைவி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பிள்ளை, ஆர் கொண்டுவந்தது எண்டதைப் பற்றி நீதிபதி என்ன சொன்னவர்?"

அந்தப் பிள்ளை கணினியில் மேலும் கீழும் தேடினாள். "பிழை ஆரிலை எண்டு இன்னும் முடிவு செய்யேல்லை அன்ரி. அது பிறகுதான். ஆனா ஒண்டு சொல்லியிருக்கிறார். குக்கர் எண்டா சமைக்கிற சாமான். சனம் அதை நாட்டுக்கு நாடு கொண்டுபோகும், அது வழமைதான். ஒரு ஆள் கையிலை கொண்டுவந்தது எண்டதுக்காகக் கம்பனி விலகிப்போகேலாது எண்டு."

"வழமை எண்டோ சொன்னவர்?"

"ஓம் அன்ரி."

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தாள். ஆங்கிலத்தில்தான். மனைவி ஒவ்வொரு சொல்லாகத் தலையசைத்துக் கேட்டாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப என்ரை பிழை இல்லை" என்றாள்.

விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். பார்வை போன கண்ணும் அழும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.