பல்லாவரம் வரை ஒரு சீட்

காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லாவரத்தில் ஏறும் என் தோழிக்காகப் பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துவிடுவேன். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் தினமும் ஏறும் ஒரு பெண் எதையும் பிடிக்காமல் என் எதிரே நின்றுகொண்டே வருவார். கிராப்பு வெட்டிய தலை, தொளதொள பேன்ட்.

"தினம் நின்னுக்கிட்டே வர்றீங்களேம்மா?" என்றேன் ஒருநாள்.

"பேலன்ஸ் பழகுறேன்க்கா. கன்டெம்பரரி டான்ஸ் கொரியோகிராஃபர் நான்."

"எந்தப் படத்துக்கு?"

"படம் இல்லக்கா, மேடைக்கு. பதினஞ்சு வருஷமா எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

சிரிக்காமல் சொல்லிவிட்டு, தன் புது நிகழ்ச்சிக்கு அழைத்தார்.

போனேன். மேடையில் பாட்டில்லை, சலங்கையில்லை. ரயில் சத்தத்துக்கு எட்டுப் பேர் ஆடினார்கள். அதில் ஒருத்தி காலி இடத்தில் பையை வைத்துவிட்டு, யாரோ நெருங்கியதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரங்கமே சிரித்தது. கழுத்தைத் திருப்பிய விதம்கூட என்னுடையதுதான்.

மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டேன். சானடோரியத்தில் ஏறியவர் காலி சீட்டைப் பார்த்தார். "தேங்க்ஸ்க்கா" என்று உட்கார்ந்தவர், பல்லாவரம் வருவதற்குள் தூங்கிப்போனார். அங்கே ஏறிய தோழி நின்றபடி என்னை முறைத்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.