முற்றத்தில் கொட்டிய உப்பு

மயிலிட்டிக் கடலில் தொழில் செய்யும் என் கணவர் மாரடைப்பிலிருந்து தப்பியதும், டொக்டர் சொன்னபடி கறியில் உப்பைக் குறைத்தேன். ஒருநாள் அவருடைய தமையன் சாப்பிட வந்தார்.

"கடலிலை உழைக்கிறவனுக்கு உப்பில்லாத கறியோ, பிள்ளை?" என்று சிரித்தார்.

கணவருக்கு வெட்கமாகிவிட்டது. உப்புப் போத்தலை எடுத்தார். நான் அதைப் பறித்து முற்றத்தில் கொட்டினேன்.

"உங்கடை தம்பி செத்துப்போனால் நீங்கள் அழுதுபோட்டு வீட்டை போயிடுவியள், அத்தான். நான் எங்கை போறது?"

அந்தக் கிழமை முழுவதும் கணவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை.

இப்போது அவருக்குப் பிறஷர் குறைந்திருக்கிறது. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் என்னில் கோபமாகத்தான் இருக்கிறார். கோபமாகவே இருக்கட்டும். இருக்கிறாரே, எனக்கு அது போதும்.