கேட்காமல் கொடுக்கும் எஞ்சின்

வடகரையில் என் அத்தானின் தென்னந்தோப்பில், கிணற்றடித் தகரக் கொட்டகைக்குள் ஒரு எஞ்சின் இருக்கிறது. சுற்றுவட்டத் தோப்புகளில் எல்லாம் கரண்ட் மோட்டார் ஓடுகிறது, இது மட்டும் டீசல். வாய்க்கால் மேட்டில் நின்று கேட்டாலே வித்தியாசம் தெரியும். சாதாரண டீசல் பம்ப்செட்டைப் போல இது இருமுவதில்லை. அடித்தொண்டையில் உறுமத் தொடங்கி, கொஞ்சம் வேகம் பிடித்ததும் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ சேர்ந்துகொள்ள, மெல்லிய சீழ்க்கை ஒன்று மேலே எழும். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச டர்போ எதற்கு என்று யாராவது கேட்டால் அத்தான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அது முன்பு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்த எஞ்சின். அங்கிருந்து அதை இறக்கிக் கிணற்றடியில் உட்கார வைத்தது என்னுடைய வாய்தான்.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். புளியங்குடியிலிருந்து வெளியூர்ச் சந்தைகளுக்கு எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரிகள் வைத்திருக்கிறார். லாரிக்காரருக்கு டீசல் மேல் பிரியம் இருப்பது அதிசயமில்லை. ஆனால் அவருக்கு இருந்தது பிரியம் மட்டுமல்ல, ஒரு வைராக்கியம். கொல்லத்துப் பக்கம் யாரோ கைவிட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, எஞ்சின் கெட்டுப்போன நிலையில் வாங்கி, தன் லாரியிலேயே ஏற்றிச் செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்தார். எல்லோரும் பெட்ரோல் எஞ்சின் தேடச் சொன்னார்கள். இவர் கம்ப்யூட்டர் இல்லாத பழைய வகை டர்போ டீசல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். தென்காசியில் ஒரு பட்டறையில் பழியாகக் கிடந்து அதைப் பொருத்தினார். எஞ்சின் தலை இடிக்கிறது என்று பானெட்டை வெட்டி உயர்த்தினார்கள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாய் நடந்து ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றி எழுதி வாங்கினார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு அலையவில்லை என்பாள் அக்கா.

எனக்குச் சென்னையில் ஒரு கார் கம்பெனியில் வேலை. சத்தம்தான் என் துறை. கதவை அடைத்தால் எப்படிக் கேட்க வேண்டும், எஞ்சின் முறுக்கேறும்போது உள்ளே இருப்பவர் காதில் என்ன விழ வேண்டும், என்ன விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குகிற வேலை. அதனால் குற்றாலத்தில் சாரல் தொடங்கி, வருஷம் தவறாமல் நாங்கள் எல்லோரும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கும் நாட்களில், எனக்கும் அத்தானுக்கும் பேச வேறு விஷயமே கிடையாது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும்போது தொடங்குகிற வழக்கு, குளித்துவிட்டு வந்து பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போடும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்குள் டீசலுக்கு என்ன வேலை என்பது என் கட்சி. அது கனமான எஞ்சின், வண்டியின் மூக்கு பாரமாகிவிடும், வளைவில் திரும்பச் சொன்னால் யோசிக்கும். முறுக்கினால் ஏறிக்கொண்டே போகாமல் சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம். ஓட்டுகிறவனின் நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்க வேண்டுமே, அதற்காகத்தானே ஸ்போர்ட்ஸ் கார் என்பேன்.

அத்தான் கட்சிக்கு ஒரே ஒரு சாட்சிதான், புளியரை மலைப்பாதை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் அந்தச் சாலையில், லோடு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சட்டென்று இடம் கிடைத்தால், கியரைத் தொடாமல் மிதித்த மாத்திரத்தில் வண்டி பாய வேண்டும். அதுதான் பலம் என்பார். "ஏட்டி, பெட்ரோல் எஞ்சின்ட்ட நீ கெஞ்சணும், கியரைக் குறைச்சு, முறுக்கி, கத்த வச்சு வாங்கணும். இது அப்படி இல்ல. நீ கேக்காமலே குடுக்கும்" என்பார். அந்தக் கடைசி வரியை அவர் சொல்லாத வருஷமே இல்லை. யோசித்துப் பார்த்தால் அது அவருடைய குணமும்தான். என் படிப்பு முடியும்வரை விடுதிக்கு எலுமிச்சை ஊறுகாயும் செலவுக்குப் பணமும் நான் கேட்காமலே வந்துகொண்டிருந்தன. அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. வழக்கில் ஜெயிப்பதில்தான் குறியாக இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அத்தானைக் கேலி செய்வது கொழுந்தியாளின் உரிமை. தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றலாம், செருப்பை ஒளித்து வைக்கலாம், சபையில் வைத்து மானத்தை வாங்கலாம். கோபப்பட்டால் அவர் தோற்றார் என்று அர்த்தம். கேலிக்கு எல்லை என்று ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அத்தான் தாங்கிக்கொள்ளத் தாங்கிக்கொள்ள என் வாயும் நீண்டுகொண்டே போயிற்று.

கார் தயாராகி முதல் சாரலுக்கு வந்தபோது, ஐந்தருவிப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரே கூட்டம். ஈரத் துண்டோடு நின்றவர்கள்கூட அருவியை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தார்கள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டின் மேல் விழுந்த சாரலைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வேகம் போகும், என்ன எஞ்சின் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டி, "எங்க கொழுந்தியா கார் கம்பெனில எஞ்சினியர். அவட்ட கேளுங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமை காருக்கானது என்று அன்று நினைத்தேன். அதில் பாதிக்கு மேல் எனக்கானது என்று இப்போது தெரிகிறது.

யாரோ ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். எஞ்சின் உறுமியது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது, ஏனென்றால் அந்த உருவத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "பாக்கத்தான் இது ஸ்போர்ட்ஸ் காரு. உள்ள இருக்கது பம்ப்செட்டு. எங்க அத்தான் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சுததுக்குச் செஞ்சிருக்காவ." கூட்டம் கொல்லென்று சிரித்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பச் சொல்லச் சொன்னார். வெட்கமில்லாமல் திரும்பவும் சொன்னேன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அத்தான்தான். கையிலிருந்த துண்டு மட்டும் பானெட்டில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை.

அந்த வீடியோ எங்கள் ஊர்க்காரர்களின் போன்களில் எல்லாம் சுற்றியது. புளியங்குடி மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்கள் அவரை 'பம்ப்செட் அண்ணாச்சி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். லோடு எப்போது வரும் என்று கேட்க வேண்டியவர்கள், தண்ணி பாய்ச்சியாச்சா என்று கேட்டார்கள். அக்கா போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். சொன்னது வேறு யாராவது என்றால் அத்தான் சட்டையைப் பிடித்திருப்பார். சொன்னது கொழுந்தியாள், அதுவும் எஞ்சினியர். அவருக்கு இரண்டு கையும் கட்டிப்போட்ட நிலை.

அடுத்த சாரலுக்குக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. வெட்டி உயர்த்திய பானெட்டுக்குள் இப்போது பெட்ரோல் எஞ்சின் இருந்தது. "நீ சொன்ன மாதிரியே மாத்திட்டேன். ஓட்டிப் பாரு" என்று சாவியை என் கையில் வைத்தார் அத்தான். புளியரை மலைப்பாதையில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். என் பாடப்புத்தகப்படி எல்லாம் சரியாக இருந்தது. மூக்கின் பாரம் குறைந்திருந்தது, வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது, முறுக்கினால் குரல் அழகாக மேலேறியது. ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இடம் கிடைத்தது, மிதித்தேன், வண்டி தயங்கியது. கியரைக் குறைத்து மறுபடி மிதிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. முன்பு இதே மாதிரி இடத்தில் அத்தான் ஒரு விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கா?" என்று கேட்டார். "நல்லாருக்கு அத்தான்" என்றேன். "அப்பம் சரி" என்றார். திரும்பி வந்து, பரோட்டாக் கடையில் நான் வேண்டுமென்றே டீசலைப் பற்றி ஏதோ சொல்லி இழுத்தேன். "நீ சொன்னா சரிதாம்ட்டி" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

பழைய எஞ்சின் என்ன ஆயிற்று என்று அக்காவிடம் தனியாகக் கேட்டேன். விற்கவில்லை, தோப்பில் கிணற்றடியில் மாட்டியிருக்கிறார் என்றாள். அதோடு விடவில்லை. "சாயங்காலம் ஆனா அங்கன போயிருதாவ. மழை பேயுதபோதும் அதை ஓட விடுதாவ. மழைக்குள்ள என்னத்துக்குத் தண்ணி பாய்ச்சுதியன்னு கேட்டா, எஞ்சின் சும்மா கிடந்தா கெட்டுப்போவும்ங்காவ" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பம்ப்செட் என்று நான் சொன்னதை அவர் வாய்வார்த்தையாக விடவில்லை, அப்படியே செய்து காட்டிவிட்டார். அது என் மேல் உள்ள கோபமா, இல்லை என் தீர்ப்பை மதித்து நடந்துகொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

இதில் என்னை அதிகம் குத்துவது, நான் சொன்னது தப்பில்லை என்பதுதான். இன்றைக்கு யாராவது கேட்டாலும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டீசல் பொருந்தாது என்றுதான் சொல்வேன். பொய் சொல்லியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், உண்மையை எப்படித் திரும்ப வாங்குவது? அந்த உண்மையின் கதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் இப்போது பெட்ரோலா டீசலா என்று யாரும் சண்டை போடுவதில்லை. எல்லாம் பேட்டரிக் கார். அதற்குச் சத்தமே கிடையாது. சத்தமில்லாத காருக்கு ஸ்பீக்கர் வழியாக உறுமலைச் சேர்ப்பதுதான் இப்போது என் வேலை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொய் உறுமல்களைக் கேட்டு மார்க் போடுகிறேன். அத்தானின் எஞ்சின் சத்தத்தைக் கேலி செய்த அதே காதுதான்.

இந்த வருஷம் சாரலுக்குப் போனபோது அருவிக்குப் போகும் முன் தோப்புக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சென்னையிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தான் கொட்டகைக்குள் எஞ்சின் பக்கத்தில் நின்று எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி நரைத்துவிட்டது. "வாட்டி, எப்பம் வந்த?" என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது அத்தான்" என்றேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"நீ சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல."

"பின்ன என்னத்துக்கு இந்தப் பேச்சு?"

"திரும்ப அதைக் கார்லயே மாட்டிருங்க அத்தான். எனக்காக."

அவர் சிரித்தார். ஐந்தருவியில் சிரித்த சிரிப்பு இல்லை, சின்னச் சிரிப்பு. "இறக்குனதும் உனக்காக, ஏத்துததும் உனக்காகன்னா, அதுல என் காரு எங்கட்டி இருக்கு?" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே கைத்துண்டை எடுத்து நீட்டினார். தலை நனைந்திருக்கிறது, துவட்டு என்றார்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். நான் தள்ளிப்போய் ஒரு தென்னையின் கீழ் நின்றுகொண்டேன். குழாயிலிருந்து கிணற்றுத் தண்ணீர் கொட்டி, ஏற்கெனவே மழையில் நிரம்பியிருந்த வாய்க்காலில் கலந்து வழிந்தது. அத்தான் என்னை மறந்துவிட்டார். மேற்கே மேகம் மூடிய மலையைப் பார்த்தபடி எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் கம்பியை மெல்ல மெல்ல இழுத்தார். உறுமல் ஏறியது, டர்போவின் சீழ்க்கை எழுந்தது. அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். செருப்பில்லாத வலது கால், தானாகவே, ஈர மண்ணை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது.