சின்னப் படங்களும் எங்கள் நர்சம்மாவும்

ஈரக் கம்பளி, சூடேறிய தொலைக்காட்சிப் பெட்டியின் தூசி, யாரோ மடியில் வைத்து உரிக்கும் ஆரஞ்சின் தோல், இந்த மூன்றும் கலந்து ஒரு வாசனை உண்டு. எண்பதுகளின் பிற்பாதியில் ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் வளர்ந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்த வாசனைதான். பக்கத்து வீட்டு ஜானகி அக்கா கம்பளிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக் கூடத்தில்தான் எங்கள் வரிசைக்கே ஒரே கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. மூடுபனி இறங்கினால் படத்தில் புள்ளி விழும். பனி வெளியே இருக்கிறதா பெட்டிக்குள் இருக்கிறதா என்று தெரியாத அந்த அரைவெளிச்சத்தில், நாங்கள் சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்து "சின்னப் படம்" பார்ப்போம்.

கொட்டகைக்கு வருவது பெரிய படம்; தொலைக்காட்சிக்கென்றே எடுத்து, அடுப்பில் வைத்த பருப்பு வேகும் முன் முடிந்துவிடுவது சின்னப் படம். எல்லாமே காதல் கதை, எல்லாமே நல்லபடியாக முடியும். பட்டணத்துப் பெண் ஒருத்தி ஒற்றைப் பெட்டியோடு ஏதோ ஒரு மலையூரில் வந்து இறங்குவாள். இறங்கியதுமே ஸ்வெட்டர் போட்ட ஒருவனோடு சண்டை வரும். அவன் மனைவியை இழந்தவனாக இருப்பான், அவனுக்கு ரெட்டைச் சடை போட்ட மகள் ஒருத்தி இருப்பாள். மழை பெய்யும், இருவருக்கும் ஒரே குடைதான் கிடைக்கும். பிறகு கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து அவளோடு சிரித்துப் பேசுவான். அதைப் பார்த்த ஸ்வெட்டர்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி நடந்துவிடுவான். கடைசியில் அவள் பஸ் ஏறுவாள், இவன் ஓடி வருவான், பஸ் நிற்கும். "இப்ப மழ வரும் பாருங்க" என்பார் ஜானகி அக்கா, மழை வரும். தெரிந்த கதை தெரிந்தபடியே நடப்பதில் அந்தக் கூடத்துக்கே ஒரு நிம்மதி இருந்தது.

எனக்கு மட்டும் அது கதையாகவே படவில்லை. என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் "ரைட்டர்", அதாவது கணக்கர். அவரிடம் ஸ்வெட்டர் இருந்தது. எனக்கு ரெட்டைச் சடை இருந்தது, அப்பா பின்னிவிட்டதால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக. இனிப் பட்டணத்துப் பெண் வருவதுதான் பாக்கி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவர் வந்தார். பெயர் மலர்க்கொடி, ஆத்தூர்க்காரர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஜானகி அக்கா வீட்டு மாடி அறையில் குடிவந்தார். ஊரே அவரை "நர்சம்மா" என்றது, நானும் அப்படியே அழைத்தேன். ஒற்றைப் பெட்டிக்குப் பதில் தையல் மெஷின், ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி என்று சாமான்களோடு வந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்பாவோடு அவருக்குச் சண்டையும் வரவில்லை. அவரது தையல் மெஷினை மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "தண்ணி காலையிலதானுங்க வரும், புடிச்சு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சம்மாவும் எங்களோடு உட்கார்ந்தார். ஸ்வெட்டர்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிற இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டும்போது, அவர் மட்டும், "ஏனுங்க, வாயத் தொறந்து கேட்டாத்தான் என்னவாம்?" என்பார். கூடமே சிரிக்கும். வாசலில் நின்று பார்க்கும் அப்பாவும் சிரிப்பார்.

நான் காத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. எஸ்டேட் ஜீப்பிலிருந்து இருவரும் ஒண்டிக்கடையில் இறங்கினார்கள். அப்பாவிடம் மட்டும் குடை இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். அப்பா குடையை விரித்து நர்சம்மா கையில் கொடுத்தார். ஜீப்பில் கிடந்த சாக்கைக் "கொங்காடை"யாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். இன்னொரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டிருந்தார். அப்பா திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா நேராகப் போய், "எந்த ஊருங்க? உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றார். வந்தவர் நர்சம்மாவின் தம்பி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வந்திருந்தார்.

அதன் பிறகுதான் உண்மையிலேயே அந்தப் பஸ் வந்தது. அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள நர்சம்மா சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டார். போகிற அன்று அப்பாவும் நானும் வழியனுப்பப் போனோம். அப்பா ஆரஞ்சுப் பழங்கள் போட்ட பை ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டி, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். நர்சம்மா என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படிக்கோணும் கண்ணு" என்றார். பஸ் கிளம்பியது. அப்பா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

நான் ஓடினேன். ஏரிக்கரை வளைவு வரைக்கும் பஸ்ஸின் புகைக்குள் ஓடினேன். பஸ் நிற்கவில்லை. பனி ரோட்டை மூடிக்கொண்டது. வண்டியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏஞ்சாமி இப்படி ஓடுனே?"

"நீ ஓடல. அதான் நா ஓடுனேன். ஓடுனா எறங்கிருவாங்கப்பா."

அப்பா திட்டவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவிழ்ந்த சடையைப் பின்னிவிட்டார்.

காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு ஒருநாள், அப்பா வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலைப் பஸ்ஸில் சேலம் போனார். அங்கே என்ன நடந்தது என்பதை நர்சம்மா வாயால் கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார். "எனக்குக் கொழந்த பொறக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, வேலையையும் உட மாட்டேனுங்க" என்றிருக்கிறார் நர்சம்மா.

"எனக்கொரு புள்ள இருக்குதுங்க. அவளுக்குத்தான் ஆளில்ல."

"அவளுக்குச் சரிங்க. உங்களுக்கு?"

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தாராம். அப்புறம், "எனக்குந்தானுங்க" என்றாராம்.

மலைமேல் கோயிலில் கல்யாணம் நடந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை, சுள்ளென்று வெயில். நர்சம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பினார், அவரது அம்மாவையும் எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். மறுநாள் காலை நர்சம்மா என்னை முன்னால் உட்கார வைத்து இரண்டு சடையையும் ஒரே உயரத்தில், கண் இழுத்துக்கொள்ளும் அளவு இறுக்கமாகப் பின்னினார். வலித்தது, நான் சொல்லவில்லை. அதன் பிறகும் நெடுநாள் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டேன். எந்த நாளில், எந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டபோது "நர்சு" உதிர்ந்து "அம்மா" மட்டும் நின்றது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஜானகி அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது. கூரைகளில் ஆன்டெனாக்கள் இல்லை. அந்தச் சின்னப் படங்கள் எங்கேயும் கிடைப்பதில்லை. அவற்றில் நடித்தவர்களின் முகங்களும் மறந்துபோயின. அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ நினைப்பில் கேட்டேன்: "அன்னிக்குப் பஸ் கெளம்பறப்ப அப்பா ஓடி வந்திருந்தா எறங்கியிருப்பியாம்மா?"

"ஓடியாந்திருந்தா பயந்திருப்பேன் கண்ணு" என்றார் அம்மா. "மாசக்கணக்கா யோசிச்சுப்போட்டு, சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு, பஸ்சு புடிச்சு வந்தாரு பாரு. அந்த மனுசனத்தான் எனக்கு நொம்பப் புடிச்சுது."